தங்கச்சி வீட்டுக் காபி

ராஜபாளையத்து டாக்டரிடம் மலைச்சாமி எதற்காகப் போய்வருகிறார் என்பது மனைவி இருளம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். சேத்தூரில் மற்றவர்களிடம் பல் வைத்தியம் என்று சொல்லி வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லாத குறையாக விசாரித்தார்கள். உண்மையில் அவருடைய பல்லெல்லாம் இரும்பு. மனசுதான் ஆட்டம் கண்டிருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இந்த நிமிஷமே செத்துவிடுவோம் என்று ஒரு பயம் வந்து தொண்டையை அடைக்கும். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, இது மனப்பதற்றம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். காபியை நிறுத்தச் சொன்னார். ஊரே குடிக்கிறதே என்று இவர் கேட்டதற்கு, ஊருக்கு அது சுறுசுறுப்பு, உங்களுக்கு அதுவே படபடப்பைக் கிளப்பிவிடும் என்றார். நிறுத்திய புதிதில் தலைவலி மண்டையைப் பிளந்தது. பிறகு தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மனுஷன் பிழைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கை ஆனந்தவல்லி ஆள் அனுப்பினாள். மகள் கனகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன்தான் பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துவர வேண்டும். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கை. இதே கனகாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடிக்காகக் காத்திருந்தாள். இவருக்கு எல்லையிலிருந்து லீவு கிடைக்கவில்லை. புருஷன் வீட்டார் முன்னால் தலைகுனிந்து, சித்தப்பா மகன் பாண்டிதுரையின் மடியில் பிள்ளையை உட்கார வைத்தாள். அடுத்து இவர் லீவில் போனபோது ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இவரும் ரோஷக்காரர், அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. இரண்டு பேருமே அப்பனைக் கொண்டு பிறந்தவர்கள், யாரைக் குறை சொல்ல?

புறப்படும்போது, ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுவிட்ட இருளம்மாள், உடம்பு விஷயத்தைத் தங்கையிடம் மட்டுமாவது சொல்லிவிடும்படி கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினாரே தவிர, சொல்வதாக இல்லை. தாய்மாமனுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால், பெண்ணுக்கும் அது வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க மாட்டார்களா? யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கூடம் நிறைய உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆனந்தவல்லி பெரிய டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினாள். பகையாக இருந்தவர்கள் வீட்டில் காபி வாங்கிக் குடித்தால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். வேண்டாம் என்றால், ஊருக்காகத்தான் வந்திருக்கிறார், மனசு ஆறவில்லை என்று அர்த்தம். மலைச்சாமி, வயிறு சரியில்லை, தண்ணீர் போதும் என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது.

"அன்னைக்கு நான் தண்ணி குடுக்காததை இன்னும் மனசுல வச்சிருக்கியாண்ணே?"

அவர் டம்ளரை வாங்கி அடிவரை குடித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், காபி அமிர்தமாக இருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள், இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். அதையும் குடித்தார். அண்ணனும் தங்கையும் ராசியான செய்தி தெருவெல்லாம் பரவி, சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால் புதுப்பகை அல்லவா? மறுநாளும் இதே உபசாரம். கல்யாணத்துக்கு முந்தின இரண்டு இரவும் அவர் பொட்டுக் கண்மூடவில்லை.

முகூர்த்தத்தன்று பட்டு வேட்டி கட்டி மண்டபத்துக்குள் நுழைந்தவர், மேளமும் கூட்டமும் ஒன்றாக வந்து மோதியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தேடிக்கொண்டு வந்த ஆனந்தவல்லி பதறிப்போய் சமையல்கட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் கையில் ஆவி பறக்கிற காபி.

"பசி மயக்கம்ணே. சூடா குடி, தெளிஞ்சிரும்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"தாயி, காபி எனக்கு ஆகாது. மனசுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு வாரேன். பயமா இருக்கு. செத்த நேரம் எங்கூட இரு."

அவள் முதலில் திரும்பிப் பார்த்தது, பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் யாராவது நிற்கிறார்களா என்றுதான். அந்தப் பார்வையை மலைச்சாமி கவனித்தார். அவளைத் தப்புச் சொல்ல அவருக்கு வாய் இல்லை; அவரும் அதற்குத்தானே பயந்தார். பிறகு அவள் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நாந்தானே ஊத்தி ஊத்திக் குடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

உள்ளே மைக்கில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தக் கோலத்துல நீ உள்ள வரவேண்டாம். மாப்பிள்ளை வீட்டு ஆளுக கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பாண்டிதுரையைக் கூப்பிட்டுக்கிடுதேன். தாலி கட்டினதும் ஓடி வந்துருதேன்."

அவர் தலையை அசைத்தார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சிறிது நேரத்தில் குலவைச் சத்தம் கேட்டது. பாண்டிதுரை கையைப் பிடித்துக்கொண்டு கனகா மேடைக்கு வருகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. காது குத்திய அன்று எல்லையில் நின்று மனசுக்குள் பார்த்ததை, இன்றும் அப்படியே ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தார். நெஞ்சு அடித்துக்கொண்டதைவிட அது வலித்தது.

கைகழுவ வந்த பெரியவர் ஒருவர் இவரைப் பார்த்து நின்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா. நல்ல மனிதர், ஏன் இப்படி வியர்க்கிறது, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, பெண்ணுக்கு என்ன உறவு என்று அக்கறையாக விசாரித்தார்.

"உறவெல்லாம் இல்லங்க. சேத்தூர்க்காரன். சமையல்கட்டு வெக்கை, அம்புட்டுதான்" என்றார் மலைச்சாமி.

பெரியவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. டம்ளரைக் காட்டி, காபி ஆறுகிறதே, குடிக்கவில்லையா என்றார்.

மலைச்சாமி இரண்டு கையாலும் டம்ளரை இறுகப் பிடித்து எடுத்தார். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தார். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, பெரியவரைப் பார்த்துச் சிரித்தார்.