தைரியராஜின் மூன்றாவது இறக்கம்

1968, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அமிர்தராஜும் பரக்கத் அலியும் திருச்சி மேலப்புதூரில் லூர்துராணியின் வீட்டுக்குப் போனார்கள். இருவரும் கடற்படையிலிருந்து விலகியவர்கள். விமானந்தாங்கிக் கப்பலில் அமிர்தராஜ் ஜெட் ஓட்டினார். திரும்பி வரும் ஜெட்டைப் பார்த்து, இறங்கு, இறங்காதே என்று ரேடியோவில் சொல்வது பரக்கத் அலியின் வேலை. லூர்துராணியின் கணவர் தைரியராஜ் அப்படி இறங்கும்போதுதான் நான்கு வருடங்களுக்கு முன் இறந்துபோனார்.

காபி குடித்தபடி அந்த ஜெட்டைப் பற்றியே பேசினார்கள்.

"பொல்லாத வண்டி அது, தங்கச்சி," என்றார் அமிர்தராஜ். "மேலே போயிட்டா நல்லாப் பறக்கும். இறங்குறப்பதான் புத்தியைக் காட்டும். வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் கல்லு மாதிரி விழும். கீழே கப்பல் வேற அலையில ஆடிக்கிட்டிருக்கும்."

"ஜெட்டை இழுத்து நிறுத்துற கம்பியில அதோட வால் கொக்கி மாட்டினதும் இவன் 'மாதாவே'ன்னு கத்துவான். கப்பல் முழுக்கக் கேக்கும்," என்று பரக்கத் அலி அமிர்தராஜைக் காட்டிச் சிரித்தார்.

லூர்துராணி சிரிக்கவில்லை.

"அவர் என்ன தப்பு பண்ணினார், அண்ணே? விமானியின் தவறுன்னு நேவியிலேருந்து கடுதாசி போட்டாங்க. அதைப் படிச்ச நாள்லேருந்து என் மாமனார் கோயிலுக்குக்கூடப் போகலை. அந்த ஏக்கத்துலயே போன வருஷம் செத்துட்டார்."

பரக்கத் அலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் தப்பு பண்ணலைம்மா. ரெண்டு தரம் கொக்கி மாட்டலை. கரைக்குப் போயிடறேன், அதுக்கு ஃபியூல் இருக்குன்னு கேட்டான். பெரிய அதிகாரிங்க பார்த்துக்கிட்டு நின்னாங்க. அவங்க முன்னாடி கேவலமாயிடும்னு நான்தான் இன்னொரு தரம் வரச் சொன்னேன்."

மூன்றாவது முறை, கப்பலின் பின்புறம் அலையில் உயர்ந்த நேரத்தில் ஜெட் அதில் மோதிக் கடலில் விழுந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"விசாரணையில இதைச் சொன்னீங்களா?"

"இல்லைம்மா."

அவள் அமிர்தராஜ் பக்கம் திரும்பினாள். அன்று தைரியராஜுக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தவர் அவர்தான். ரேடியோவில் இருவரும் பேசியது ஒரு சொல்கூடத் தப்பாமல் அவர் காதில் விழுந்தது.

"இரைச்சல்ல கேக்கலைன்னு சொல்லிட்டேன்," என்றார் அவர். "உண்மையைச் சொன்னா என்னைப் பறக்க விடமாட்டாங்கன்னு பயம்."

ஆறே மாதத்தில் கை நடுக்கம் வந்து, அவர் பறப்பதை விட்டுவிட்டார். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

லூர்துராணி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மேஜையில் கிடந்த நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நேவிக்கு அனுப்புறேன்."

இருவரும் எழுதினார்கள். அவள் வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் அமிர்தராஜ் அவளைப் பார்த்தார்.

"பதில் வந்துச்சா, தங்கச்சி?"

"வந்துச்சு. முடிஞ்சுபோன விசாரணையைத் திரும்ப எடுக்க முடியாதாம். அன்னிக்கே சொல்லியிருந்தா ஏத்துக்கிட்டிருப்பாங்க."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.