சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

இடைவேளையில் நான் நீட்டிய தண்ணீரை அம்சவேணி கையால் தள்ளிவிட்டாள்.

“எங்க தண்ணி தீட்டா?” என்றேன்.

“வேணாம்டி. விடு.”

விடவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வாங்கி முடிப்பதற்குள் யாருக்கும் பதில் பாக்கி வைக்காமல் பேசப் பழகிவிட்டேன். “நீ கோல்கீப்பர்ங்கிறதாலதான் உன்னப் பொறுத்துக்கிறேன்” என்றேன். அப்படித்தான் சொன்னேன், மாற்றி எழுத மாட்டேன்.

எங்கள் போட்டாதாங் பேட்டைப் பெண்கள் கால்பந்து அணியில் ஏழே பேர். என்னோடு நாலு முஸ்லிம், அம்சவேணியோடு மூன்று இந்து. மாற்று ஆள் கிடையாது. சீசன் முழுக்க ஒரு வெற்றியும் இல்லை. கடைசி இடத்துக்குப் போனால் அணியைக் கலைத்துவிட வேண்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் கமிட்டியும் சொல்லியிருந்தன. எனக்குத் தெரிந்து அவர்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்தான். கடைசி ஆட்டம், தன்லியின் என்னும் அக்கரை ஊரின் ஆலைப் பெண்களோடு. சமன் செய்தாலே தப்பித்துவிடுவோம். அப்போது ஒரு கோல் முன்னால் இருந்தோம்.

முடிய பத்து நிமிடம் இருக்கையில் கார்னரிலிருந்து வந்த பந்தை அம்சவேணி எகிறிப் பிடித்தாள். பிடித்தபடியே விழுந்தாள்.

“நடிக்காத, எழுந்திரு” என்று கத்தினேன்.

எழவில்லை. கிட்டே போனேன். கன்னத்தில் பூசிய தனாக்கா மரச்சாந்து வெடித்திருந்தது. மார்ச் மாத வெயிலில் அவள் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

பயிற்சியாளர் செல்வம் ஓடிவந்தார். “காலையில என்ன சாப்பிட்டா?”

கலா அழத் தொடங்கினாள். எங்கள் அணிக்காரி, அம்சவேணியின் பக்கத்து வீட்டுக்காரி. “நேத்து சாயங்காலம் நம்ம டீம் உம்மு சல்மா வீட்டு நோன்புக் கஞ்சி குடிச்சா. அதோட சரி. தண்ணிகூட இல்ல.”

“ஏன்?” என்றேன்.

“நீங்க நாலு பேரும் வாய் காஞ்சு ஓடுறப்ப நாங்க எதிர்ல நின்னு குடிக்கக் கூடாதாம். மூணு பேரும் நோன்பு இருக்கணும்னு சொன்னா.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் காலையில மீன் கொழம்பு ஊத்தி மோஹிங்கா தின்னுட்டேன்க்கா. அவகிட்ட சொல்லிராதீங்க.”

“சஹர் சாப்பிடலையா அவ?”

“அப்படின்னா?”

ஒரே வரியில் விளக்கினேன். விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து நாங்கள் வயிறு முட்டச் சாப்பிடுவது இவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் கஞ்சி வாளி போவதைப் பார்ப்பார்கள், விடியலில் தூங்குவார்கள். இருபத்து மூன்று வருடம் ஒரே தெரு. அதற்கு முன் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

கோல் கம்பத்தருகே அவள் பாட்டில் கிடந்தது, கோயில் சிவப்பு நூல் கட்டியது. மூடிகூடத் திறக்கவில்லை. ஆட்டம் முழுக்க அதைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன்.

அம்சவேணி கண் திறந்தாள். பாட்டிலை உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நோன்பு தொறக்க இன்னும் மூணு மணி நேரம் இருக்கு” என்றாள்.

“பைத்தியமாடி நீ?”

“நீ குடிக்கலயே.”

அவள் பாட்டிலிலிருந்து நானே குடித்தேன்.

“தஸ்லீமா, நோன்புடி” என்றாள் உம்மு சல்மா.

“தெரியும். வேற ஒரு நாள் களா வெச்சுக்கிறேன்.”

தண்ணீர் வெந்நீராக இருந்தது. அம்சவேணி என்னையே பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பிடுங்கி, இருமி இருமிக் குடித்தாள்.

மிச்ச நேரம் ஆறு பேரே ஆடினோம். அவள் கையுறையை நான் மாட்டிக்கொண்டேன். உள்ளே ஈரமே இல்லை. ஒரு பந்து என் காலுக்கிடையே புகுந்து கோலானது. ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியபோது எங்களில் யாரும் குதிக்கவில்லை.

நிழலில் சாய்ந்து உப்புக் கரைசல் குடித்துக்கொண்டிருந்தாள் அம்சவேணி. கலா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், மோஹிங்காவைத் தவிர.

“விடியுமுன்ன சாப்பிடலாம்னு ஏன்டி சொல்லல?” என்றாள் அம்சவேணி.

“நீ கேக்கல.”

“நீ சொல்லணும்டி.”

கையுறையைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன்.

“நாளைக்கு நாலு மணிக்கு எங்க வீட்டுக்கு வா. நோன்பெல்லாம் வேணாம். சாப்பிட மட்டும் வா.”