வாறுகாலை அடைத்தது யார்?

குருநாதன் முப்பது வருஷம் பட்டா, சிட்டா என்று குப்பை கொட்டி, ரெவின்யூ இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். இடத்தைப் போய்ப் பார்க்காமலே அறிக்கை எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எழுத அறிக்கை இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு வீட்டு வாறுகால் வந்து வாய்த்தது.

முன்கட்டில் அவரும் மனைவி சீனியம்மாளும். பின்கட்டில் ஞானபூரணம் டீச்சர், இரண்டு பெண்பிள்ளைகளோடு வாடகைக்கு. டீச்சரின் கணவர் ராணுவத்தில் அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ இருந்தார். இரண்டு குளியலறைத் தண்ணீரும் முற்றத்தில் பதித்த கடப்பாக் கல்லுக்கு அடியில் வாறுகால் என்கிற ஒரே கழிவுக் குழாயில் சேர்ந்து தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். போனால்தானே! இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொண்டு, தண்ணீர் குளிக்கிறவர் கணுக்கால் வரை நின்றது.

அடைக்கும்போதெல்லாம் கொத்தனார் வெள்ளத்துரை நீளமான மூங்கில் பிளாச்சோடு வருவார். குத்துவார், தண்ணீர் குளுகுளுவென்று இறங்கும், போய்விடுவார்.

"அண்ணாச்சி, கல்லைப் பேத்துத் தோண்டுனாத்தான் காரணம் தெரியும்."

"காரணம் எனக்குத் தெரியும் வே. கல்லைத் தொடாதேரும்."

அவருக்குத் தெரிந்த காரணம் டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் மீன் குழம்பு கொதிக்கும். அப்படியானால் செதிலும் முள்ளும் எங்கே போகும்? கூடவே மூன்று பெண்களின் தலைமுடி. அறிக்கை தயார். டீச்சர் மீனைக் கொல்லையில் ஆய்ந்து, செதிலை எலுமிச்சை மரத்தடியில் புதைக்கிறாள் என்பது கொல்லைக்குப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்தான் போக மாட்டாரே. போகவும் நேரமில்லை. காலையில் குளியலறைக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம். காலில் ஒன்பது வருஷக் கரப்பான் புண். கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து முழங்காலிலிருந்து பாதம் வரை அப்பி, காயவிட்டு, உதிர்த்து, கழுவி, மறுபடியும் ஒரு தரம் அப்பி, அதற்கப்புறம்தான் குளியல்.

அறிக்கையைத் தெருக் குழாயடியில் வாசித்தார், ரேஷன் கடை வரிசையில் வாசித்தார். கடைசியில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று டீச்சரிடமே சொல்லிவிட்டார்.

ஞானபூரணம் நான்கு வீடு பார்த்தாள். நான்கிலும் ஒரே கேள்வி: "மீன் செதிலைப் போட்டு வாறுகாலை அடைக்கிற டீச்சரு நீங்கதானா?" அன்று திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சின்னவள் பக்கத்தில் வந்து, "நாம என்னத்தம்மா போட்டு அடைச்சோம்?" என்று கேட்டாள். அவமானமாக இருந்தது அவளுக்கு. பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தாள்.

தபசுக்கு எட்டு நாள் இருக்கையில் வாறுகால் மறுபடி அடைத்தது. இந்தத் தடவை வெள்ளத்துரையின் பிளாச்சு உள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொண்டது. இனி கல்லைப் பெயர்க்காமல் தீராது. குருநாதனுக்கு வந்த கோபத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"தோண்டும் வே! எல்லாரும் பாக்கட்டும். எந்த வீட்டுச் சாமான் அடைச்சிருக்கோ, அந்த ஆளு இன்னைக்கே காலி பண்ணணும்!"

ஞானபூரணம் முற்றத்துக்கு வந்தாள். "சம்மதம் அண்ணாச்சி. உள்ள என்ன இருந்தாலும் இப்பச் சொன்ன சொல்லு மாறக் கூடாது."

"குருநாதன் சொல்லு மாறாது."

வெள்ளத்துரை கல்லைப் பெயர்த்து, முதலில் பின்கட்டுக் குழாயைத் திறந்தார். பத்துப் பதினைந்து முடி, ஒரு சோப்புத் துண்டு, ஒரு ஹேர்பின். குழாய் பளிச்சென்று இருந்தது. பிறகு முன்கட்டுக் குழாயைத் திறந்து கையை விட்டார். கை போகவில்லை. உளியால் பெயர்த்து எடுத்துக் கல்மேல் வைத்தார். ஒடிந்த பிளாச்சு குத்தி நின்ற ஒரு கட்டி மண். அடுத்து இன்னொன்று. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது, ஒரு சாந்துச் சட்டி நிறைய.

"முத்தமெல்லாம் கல்லு. மண்ணு எப்படி வே உள்ள போச்சு?" என்றார் குருநாதன், இன்னும் விளங்காமல்.

வெள்ளத்துரை அவர் காலைப் பார்த்தார். காலையில் சரியாகக் கழுவாமல் விட்ட மண் கணுக்காலில் ஒரு விரல் அகலத்துக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது.

தெரு முழுக்க அந்தக் காலைப் பார்த்தது.

"அம்பாள் மண்ணு... அது போய் அடைக்குமா?" குருநாதன் குனிந்து கணுக்காலைத் தேய்த்தார்.

"அம்பாள் கால்ல பூசத்தானே குடுத்தா? ஒம்பது வருசமா குழாய்ல ரொப்பவா சொன்னா?" என்றாள் சீனியம்மாள். உள்ளே போய் அவருடைய நாலு வேட்டியை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தாள். "புளியங்குடியில ஒங்க தங்கச்சி வீட்டுக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு."

குருநாதன் பையைப் பார்த்தார். பின்கட்டு வாசலில் கயிறு போட்டுக் கட்டியிருந்த பெட்டிகளையும் அப்போதுதான் பார்த்தார். மேலே சின்னவளின் சிலேட்டு. முப்பது வருஷத்தில் தன் அறிக்கைகளால் எத்தனை பேர் இப்படிப் பெட்டி கட்டினார்களோ என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

விறுவிறுவென்று தெருக் குழாயடிக்குப் போனார். குடத்தோடு நின்ற பெண்கள் விலகினார்கள். தொண்டையைக் கனைத்தார். "மேற்படி வாறுகால் சம்பந்தமாக..."

"அறிக்கை வேண்டாம், வாயால சொல்லுங்க!" வாசலிலிருந்து சீனியம்மாள்.

"அடைச்சது நான். டீச்சரு இல்ல. பாக்காமலே பழியைப் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

யாரும் சிரிக்கக்கூட இல்லை. பின்னாலேயே வந்திருந்த ஞானபூரணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வகுப்பில் கணக்குக் கேட்கிற முகத்தோடு கேட்டாள்:

"எல்லாஞ் சரி அண்ணாச்சி. நீங்க எப்பக் காலி பண்ணுதிய?"

குழாயடியில் ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் எல்லாரும். குருநாதன் தலையைச் சொறிந்தார்.

"கொல்லையில எலுமிச்ச மரத்தடியில குளிச்சுக்கிடுதேன் டீச்சரே. வீட்டுக்குள்ள மட்டும் இருக்க விடுங்க."

டீச்சர் ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் பாவனை செய்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள்.