கரட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஒரே அறை

இறைவரி அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டேகாலுக்கு ஸஹ்லா தன் பிழையைக் கண்டுபிடித்தாள்.

தலவாக்கலையில் அவளுடைய அண்ணன், நஸீர் நானா, மொத்த வியாபாரம் செய்கிறார். நானுஓயாவில் கரட் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவார். கொழும்பிலிருந்து ஐஸ்கிரீமும் மாஜரினும் இறக்கிக் கடைகளுக்குக் கொடுப்பார். இரண்டையும் வைக்கப் போன வருடம், ஐஸ்கிரீமுக்கு உள்ளே உறைபெட்டிகளோடு, ஒரு குளிர் அறை கட்டினார். அதற்குக் கொடுத்த வற் எனும் பெறுமதி சேர் வரி முழுவதையும், கடை செலுத்த வேண்டிய வரியில் கழித்துப் படிவம் நிரப்பியவள் ஸஹ்லா.

அதற்கு முன் அவள் ஹட்டனில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் கணக்குப் பார்த்தாள். ஏற்றுமதித் தேயிலைக்கு அங்கே 'சும்மா' என்று பெயர். வரி வீதம் பூச்சியம். ஆனால் பெட்டிக்கும் லொறிக்கும் கொடுத்த வரி முழுக்கத் திரும்பிவிடும். கரட்டுக்கும் வரி இல்லை என்றதும் இங்கேயும் 'சும்மா' என்றே ஒரு நிரல் போட்டாள். கரட் பூச்சிய வீதப் பொருள் அல்ல, வரிவிலக்குப் பொருள். அதற்காகக் கொடுத்த வரி திரும்பாது. அறை இரண்டுக்கும் பொது என்றால், விற்பனையில் ஐஸ்கிரீமும் மாஜரினும் எத்தனை பங்கோ அத்தனை பங்கு வரியைத்தான் கழிக்கலாம்.

"நானா, நூத்துக்கு முப்பதுதான் நமக்கு. நான் நூறையும் எடுத்திட்டேன்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"அறையைப் பாக்கத்தானே வாறாங்க."

நஸீர் தாடியைத் தடவினார். "கரட் உள்ள இருந்தாத்தானே பிழை? அழகுமுத்து! மூட்டை எல்லாத்தையும் பின்னுக்குக் கொண்டு போங்க. இன்னைக்கு இது ஐஸ்கிரீம் ரூம்."

மூட்டை தூக்கும் அழகுமுத்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டார். "அம்பது மூட்டை, முதலாளி. கரட்டோட ஏதும் கோவமா?"

"பேசாமத் தூக்குங்க."

ஸஹ்லா கதவருகே நின்றாள். ரயில் பாதைக்கு அப்பால் பனி மலையை அழித்துவிட்டு, பாதியை மட்டும் மறுபடி வரைந்தது. இதுவரை நடந்தது பிழை. ஒவ்வொரு மூட்டை வெளியே போகும்போதும் அது பொய்யாகிக்கொண்டிருந்தது. படிவத்தில் இருந்தது அவள் பெயர்.

முப்பத்தொன்றாவது மூட்டை படியில் இருக்கும்போது வேன் வந்து நின்றது. மணி ஒன்பதரைதான். இறைவரி அதிகாரி, லிந்துலையில் பிறந்து படித்த டோரீன் மிஸ், குடையை மடக்கியபடி இறங்கினார்.

"என்னங்க, கரட்டெல்லாம் ஊர்வலம் போகுது?"

"அறையைக் கழுவுறோம் மிஸ்," என்றார் நஸீர் சிரித்தபடி.

"பாதியைக் கழுவப் போறீங்களா, முழுசையுமா?"

நஸீரின் சிரிப்பு நின்றது. டோரீன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு ஸஹ்லாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இந்த அறையில என்ன வைப்பீங்க?"

நானா அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் மிரட்டலும் இருந்தன.

"ரெண்டும்தான் மிஸ்," என்றாள். "கரட்தான் கூடுதல். வரியை நான் பிழையாக் கழிச்சிட்டேன். காலையிலதான் கண்டேன்."

அழகுமுத்து மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளோடு நின்றார்.

"கூடுதலா எடுத்ததை வட்டியோட கட்டணும்," என்றார் டோரீன். "தண்டப்பணம் போடுறதை மேலிடம்தான் முடிவு செய்யும். எப்பிடிப் பிழை வந்ததுன்னு ஒரு கடிதம் எழுதித் தாங்க."

ஸஹ்லா மேசையில் தாளை வைத்து 'நான்' என்று தொடங்கினாள். நஸீர் பின்னால் வந்து நின்றார். கத்தப் போகிறார் என்று நினைத்தாள்.

"அதை வெட்டு," என்றார். "'நாங்கள்' என்டு எழுது. கடையோட பிழைதானே."

அவள் வெட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அறைக் கதவு திறந்தே கிடக்க, டோரீன் மிஸ் உள்ளே போய் மீதி மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.