ஒற்றை நாற்காலி

அந்த நாற்காலிக்குக் கை இருந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, சில நாள் இருந்தது போலவும் சில நாள் வெறும் முதுகு மட்டும் போலவும் நினைவு வருகிறது, ஆனால் ஒன்றுதான் இருந்தது, மில் மேனேஜர் மேசைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி, வாசலில் நாங்கள் மூன்று பேர், எனக்கு இந்தப் பக்கம் குழந்தைவேலு அண்ணன், அந்தப் பக்கம் ஆறுக்குட்டி அண்ணன், ஒரே தூக்குப்போசியில் சோறு தின்றுவிட்டு, கட்சி உடைந்து பின்னால் சங்கமும் உடைந்தபோது இரண்டு செங்கொடிக்குப் பிரிந்து போனவர்கள். கூட வேலை செய்த மயிலாத்தாளின் முந்தானை மிஷினில் சிக்கியபோது ஓடிப்போய் அதை நிறுத்தியவள் நான், யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள், எனக்காக, உடைந்த பிறகு முதல்முறையாக, இரண்டு சங்கமும் சேர்ந்து மில் கேட்டில் நின்றன, இவர்கள் ஒரு கோஷம் போட்டால் அடுத்தது அவர்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மேனேஜரும் பயந்து கூப்பிட்டனுப்பினார், சங்கத்துக்கு ஒருவர் வாருங்கள், பேசி முடிப்போம், நாளைக்கு வேலைக்குப் போகிறோம் என்றுதான் நான் உள்ளே நடந்தேன்.

உட்காருங்க என்கிறார் மேனேஜர், யாரையும் பார்க்காமல், குழந்தைவேலு அண்ணன் ஓரடி வைக்கிறார், ஆறுக்குட்டி அண்ணன் அவர் தோளைப் பிடிக்கிறார், ஏனுங் தோழர், நீங்க உக்காந்தா நாங்க பின்னால நின்னு விசிறி வீசறதுங்களா, அட, மெஜாரிட்டி எங்களுதுங்க என்கிறார் இவர், மெஜாரிட்டியா, போன போனஸ் பேச்சுல நீங்க பின்கதவுல போயி டீ குடிச்சது ஊருக்கே தெரியுமுங்க, அவசரக்குடுக்கைக்கெல்லாம் சங்கம் எதுக்கு என்கிறார் குழந்தைவேலு அண்ணன், முதலாளியோட சமரசம் பண்ற திருத்தல்வாதி பேசற பேச்சுங்க இது என்கிறார் ஆறுக்குட்டி அண்ணன், மேனேஜர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஏனுங்ணா, என் விசயம் என்று சொன்னேனா, நினைத்ததோடு சரியா தெரியவில்லை, இரு அம்மிணி, உனக்காகத்தான பேசிட்டிருக்கறோம் என்று குழந்தைவேலு அண்ணன் திரும்பாமலே சொன்னது மட்டும் இன்னும் கேட்கிறது. மேனேஜர் எழுந்து, நீங்க மொதல்ல உங்களுக்குள்ள பேசி முடிங்க என்று ஃபேனை அணைத்துவிட்டுப் போகிறார், வியர்வையில் அவர்கள் சண்டை தொடர்கிறது, நாற்காலி காலியாகவே இருக்கிறது, வேலை போனவள் நான், நான் அதில் உட்கார்ந்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, இதை நினைக்கும்போதெல்லாம், தனியாக இருந்தாலும், முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மறுநாள் கேட்டில் இரண்டு கூட்டம், இரண்டு மைக், பேச்சைக் கெடுத்தது யார் என்று, இரண்டிலும் என் பெயர், நான் பஸ் ஸ்டாப் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன், அந்தப் பெயர் என்னுடையது இல்லை என்பதுபோல.

எனக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை, ஒரு விடுதியில் சமைக்கிறேன். குழந்தைவேலு அண்ணன் நெஞ்சுவலியில் இறந்தார், இரங்கல் கூட்டத்தில் ஆறுக்குட்டி அண்ணன் பேச எழுந்து, பேச முடியாமல் அழுதார், இப்போது அவருக்குக் காது கேட்பதில்லை. மில்லை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். மயிலாத்தாள் மில் மூடும்வரை வேலை செய்தாள், சந்தையில் என்னைக் கண்டால் வேறு கடைக்குத் திரும்பிவிடுகிறாள், அவள் திரும்பட்டும் என்று நானும் குனிந்து தக்காளி பொறுக்குகிறேன்.