திறக்காமல் ஒட்டிய பட்டை

சுற்றுலாத் தொழில் மீண்டு எழுந்துவிட்டதாம். எங்கள் ஓட்டல் வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார் மேனேஜர். தூ! மீண்டது அறை வாடகை மட்டும்தான். ஊரடங்கு போட வைத்த தொற்றுநோயும் போகவில்லை, போன ஆட்களும் வரவில்லை. நாற்பது பேர் பார்த்த வேலையைப் பதினைந்து பேர் பார்க்கிறோம்.

நான் மூன்றாம் மாடிக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஒன்றரை வருடம் வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி என் அண்ணியையும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அண்ணன் வேன் ஓட்டிய டூரிஸ்ட் கம்பெனி மூடியே போய்விட்டது. இரண்டு பிள்ளைகள் இருக்கிற அந்த வீட்டில் அடுப்பு எரிவது அண்ணியின் சம்பளத்தில்தான்.

இங்கே காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி கூப்பிட மாட்டார்கள். கேட்டால், வருகிறவர்களின் பாதுகாப்பு என்பார்கள். எங்கள் பாதுகாப்பு எந்தக் குப்பைத்தொட்டியில் கிடக்கிறதோ!

இன்னொரு கூத்தும் உண்டு. ஒவ்வொரு அறைக் கதவிலும் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். 'கிருமி நீக்கப்பட்ட அறை. அதன்பின் யாரும் நுழையவில்லை.' கீழே என் கையெழுத்து. ஆளுக்கு இருபத்திரண்டு அறை கொடுத்தால் எவள் கிருமி நீக்குவாள்?

"பட்டையைத்தாம்மா பாப்பாங்க. கட்டிலுக்கு அடியில குனிஞ்சா பாக்கப் போறாங்க?" என்பார் மேனேஜர். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஆள்.

அன்று காலை அண்ணியின் கண்கள் சிவந்திருந்தன. தொட்டால் கை சுட்டது.

"அண்ணி, வீட்டுக்குப் போயிடுங்க."

"போனா அவ்வளவுதான், தெரியாதா உனக்கு? மாத்திரை போட்டிருக்கேன். சும்மா இரு." துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு வரவேண்டிய பயணிகள் பஸ் பத்துக்கே வந்து நின்றது. "ஒட்டும்மா, ஒட்டு!" என்று மேனேஜர் கத்தினார். நான் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனேன். எந்தக் கதவையும் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்கிற வழக்கம் விட்டுப்போய் வெகுநாள் ஆகிறது.

கொஞ்ச நேரத்தில் 312-இல் ஒரு பெண் வீலென்று அலறினாள். ஓடினேன்.

பஸ்ஸில் வந்தவர்கள் பட்டையைக் கிழித்து உள்ளே போயிருக்கிறார்கள். முந்தின ஆள் படுத்துப் போன கசங்கிய விரிப்பின் மேலேயே அண்ணி சுருண்டு கிடந்தாள். அலறல் கேட்டு அடித்துப் பிடித்து எழுந்தவள், நிற்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விரிப்பை உருவ ஆரம்பித்தாள். "அஞ்சே நிமிஷம் மேடம். முடிச்சுக் குடுத்துடறேன்."

மேனேஜர் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். வந்தவர்களுக்கு வேறு பெரிய அறை கொடுத்தார். அண்ணியை வெளியே உட்காரச் சொன்னார். என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"பாக்காம பட்டை ஒட்டுனது நீன்னா, வேலை போறது உனக்கு. ஒட்டுன பிறகு அவ பிரிச்சு உள்ள போய்ப் படுத்துட்டு, வெளியில யாரையோ விட்டு மறுபடி வேற பட்டை ஒட்ட வெச்சான்னா, போறது அவளுக்கு. எது நடந்துச்சோ எழுதிக் குடு."

எது நடந்தது என்று அவருக்கும் தெரியும். பேனாவை என் பக்கம் தள்ளினார், மகராசன்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடவில்லை. அண்ணிதான் பட்டையைப் பிரித்தாள் என்று எழுதினேன். எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதினேன். சீ, என்ன ஜென்மம் நான்!

பின்வாசலில் அண்ணி பையோடு நின்றாள். நான் நெருங்கியதும் பத்தடி பின்னால் போனாள்.

"கிட்ட வராத, உனக்கும் ஒட்டிக்கும். என்னை நிப்பாட்டிட்டாங்க, பரவால்ல விடு. அசந்து தூங்கித் தொலைச்சேன். என்னால உன் வேலைக்கு ஏதும் வந்துடுச்சோன்னுதான் பயந்துக்கிட்டு நின்னேன். ஒண்ணும் ஆகலல்ல?"

"ஆகல அண்ணி" என்றேன்.

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.