ஸ்ப்ரே ரூம்

பனியன் கம்பெனியின் ஸ்ப்ரே ரூமில் ஃபேன் போடக்கூடாது. போட்டால் கறை எடுக்கிற மருந்து காற்றோடு போய்விடும், கறையில் விழாது. ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். ஒச்சாயி மேஜை மேல் குனிந்து, வெள்ளை பனியனில் மெஷின் எண்ணெய் பட்ட பொட்டுகளைத் தேடித் தேடி ஸ்ப்ரே கன்னால் அடித்துக்கொண்டிருந்தாள். பண்டல் எடுக்க வாசலுக்கு வந்த அவள் புருஷன் குருசாமிக்கு அந்த வாடையிலேயே தலை கிறுகிறுத்தது. இவள் எப்படித்தான் பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தான். அதற்குள் அவள் மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது. பனியன் மேல் சிந்தாமல் தலையைத் திருப்பிக்கொண்டவள், ஸ்டூலோடு சரிந்தாள்.

குருசாமி அவளைத் தூக்கிப்போய் வேஸ்ட் துணிக் குவியலில் கிடத்தினான். கண் இரண்டும் மஞ்சளேறிக் கிடந்தன.

"நான் அன்னைக்கே சொன்னேனல்லப்பா," என்றான் சூப்பர்வைசர் ஆத்தப்பன். "காமாலைக்கு எந்த ஊர்லயாச்சும் சும்மா சும்மா ரத்தம் எடுப்பாங்களா? அந்த வேலம்பாளையத்து டாக்டர் எடுத்து எடுத்து விக்கறான். உம்பொண்டாட்டி ஒடம்புல இனி என்ன இருக்குது?"

அந்த டாக்டர் ரத்தினசாமிக்கு வேலம்பாளையத்தில் இருந்தது ஒற்றை அறை கிளினிக். எந்தக் காலேஜும் பெரிய ஆஸ்பத்திரியும் அவர் பின்னால் இல்லை. ஸ்ப்ரே அடிக்கிற பெண்களுக்கே காமாலை வருகிறது, தண்ணீரால் என்றால் எல்லோருக்கும் வர வேண்டாமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். கறை மருந்துதான் ஈரலைத் தின்கிறது என்பதை, அவர்கள் ரத்தம் எடுத்துச் சோதித்து நிரூபிக்கத் தன் கைக்காசில் அலைந்துகொண்டிருந்தார். ஒச்சாயியை வேலையை விடச் சொன்னார். விட்டால் வீட்டு வாடகை யார் கொடுப்பது? அவள் கீழாநெல்லியை அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்துகொண்டே ஸ்ப்ரே அடித்தாள்.

குருசாமிக்கு ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டர் அவனிடமும் ரத்தம் எடுத்திருந்தார்.

"எனக்குத்தேன் ஒரு நோவும் இல்லையே சார், எங்கிட்ட எதுக்கு?" என்று அன்றே கேட்டான்.

"ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல ஒரே தண்ணி குடிக்கறீங்க, ஒரே சோறு திங்கறீங்க. ஸ்ப்ரே மட்டும்தான் வேறைங்க. உங்க ரத்தத்தோட வெச்சுப் பார்த்தாத்தானுங்க வித்தியாசம் தெரியும்."

அன்று மண்டையை ஆட்டிவிட்டு வந்தான். இன்று அதுவே பற்றிக்கொண்டது. நோவில்லாதவன் ரத்தம்தானே விலை போகும்?

ஆத்தப்பன் கம்பெனி வேனிலேயே ஆட்களை ஏற்றினான். இரும்புக் குழாய்களும் அதில் தயாராகக் கிடந்தன. அது குருசாமிக்கு அப்போது உறைக்கவில்லை.

கிளினிக்கில் டாக்டர் நாற்காலியிலிருந்து எழக்கூட இல்லை, முதல் அடி குருசாமியுடையது. தோளில் இறங்கியது. "எம்பொண்டாட்டி ரத்தத்தை என்னடா செஞ்ச?" தடுத்த கை மேல் இரண்டாவது அடி விழ, எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இன்னொருவன் அவர் முகத்தை மேஜையில் மோதினான். குருசாமி அவரைச் சட்டையோடு பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான். அவர் ரத்தம் அவன் கையெல்லாம் வழுவழுத்தது.

ஆத்தப்பன் ஐஸ் பெட்டியை எட்டி உதைத்தான். உள்ளேயிருந்த கண்ணாடிக் குழாய்கள் உருண்டோடின. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், மேலே பேர் ஒட்டியிருந்தது. ஒச்சாயி பேரும் குருசாமி பேரும் ஒட்டிய இரண்டும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் கொட்டினாலும் ஒரு டீ கிளாஸ் நிறையாது. இதை எவன் வாங்குவான்? குருசாமியின் கை தானாகத் தாழ்ந்தது.

"குருசாமி," என்றார் டாக்டர், உடைந்த பல்லோடு. "ஸ்ப்ரே ரூமுக்கு... இனி அனுப்பாதீங்க. செத்துப்போயிருவாங்க."

ஆத்தப்பன் அந்த இரண்டு குழாய்களையும் செருப்புக் காலால் மிதித்து நொறுக்கினான். "வேன்ல ஏறுங்கடா, லோடு ஏத்தோணும்."

திரும்பி வந்ததும் குருசாமி வேஸ்ட் குவியலுக்கு ஓடினான். அங்கே அவள் இல்லை. சோடா வாங்கிக் கொடுத்து மறுபடியும் மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எந்திரி புள்ள, வீட்டுக்குப் போவம்."

"எங்க போறே?" ஆத்தப்பன் வாசலை மறித்து நின்றான். "மொத அடி யாரு அடிச்சதுன்னு போலீஸ் கேக்குமப்பா. சிப்மெண்ட் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான். போ, பண்டலை எடு."

"நீ போய்யா," என்றாள் ஒச்சாயி, நிமிராமல். "கொஞ்சந்தேன் இருக்கு."

குருசாமி பண்டலைக் கட்டித் தூக்கினான். கையைக் கழுவ மறந்திருந்தான். வெள்ளை பனியன்களில் அஞ்சு விரலும் சிவப்பாகப் பதிந்தன.

"கண்ணு தெரியலையாடா உனக்கு! எக்ஸ்போர்ட் பீசுடா!" ஆத்தப்பன் பண்டலைப் பிடுங்கி ஒச்சாயி மேஜையில் வீசினான். காற்று வராமல் கதவைச் சாத்தினான்.

கதவுக் கண்ணாடி வழியாகக் குருசாமி பார்த்தான். ஒச்சாயி ஒரு பீசை விரித்து அடித்தாள். அந்த மருந்துக்கு எண்ணெய்தான் போகும், ரத்தம் போகாது. மறுபடியும் அடித்தாள். கறை அப்படியே இருந்தது. மஞ்சள் கண்ணைச் சுருக்கி, முகத்தைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இன்னும் அடித்தாள்.